சோலைநாதன் மாஸ்டர் பேர் சொன்ன வருஷம்

இசையமைப்பாளர் சோலைநாதன் மாஸ்டர் காலமான பதினாறாம் நாள், காரியம் முடிந்து, சாப்பிட்ட கை ஈரம் காயாமல் வடபழனி டீக்கடையில் வந்து நின்ற வாத்தியக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் கடைசியாக இசையமைத்த படத்தின் பாட்டு ரேடியோவில் பல்லவி முடிந்து வயலின்கள் எழும்ப வேண்டிய இடத்தில் நின்றது, நின்ற இடத்தில் மாஸ்டரின் குரல், ஒத்திகையில் பேசுவாரே அதே பொடி போட்ட கட்டைக் குரல், “வயலின், மாசிலாமணி” என்றது, “வயலின், ஜோசப் கோமஸ்” என்றது, இப்படிப் பதினாறு வயலின்காரர்களின் பேரையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தது, அதற்கப்புறம்தான் வயலின்கள் எழும்பின. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. மாசிலாமணி மட்டும் கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு, மாஸ்டர் கூப்பிட்டால் எழுந்து நிற்கும் பழக்கத்தில் எழுந்து நின்றார்.

முப்பத்துமூன்று வருஷம் மாஸ்டரின் பாட்டுகளில் வாசித்தவர்கள் யாருடைய பேரும் எந்த இசைத்தட்டின் உறையிலும் வந்தது கிடையாது. உறையில் கதாநாயகி சாய்ந்து நிற்பாள், பாடியவர் பேர் இருக்கும், எழுதியவர் பேர் இருக்கும், இசை என்று மாஸ்டர் பேர் இருக்கும், மற்ற அறுபது எழுபது பேரும் ‘குழுவினர்’ என்ற ஒற்றை வார்த்தைக்குள் முட்டி மோதிக்கொண்டு கிடப்பார்கள். அது உயிரோடு இருந்தபோது மாஸ்டரை உறுத்தியதா என்பது யாருக்கும் தெரியாது, உறுத்தலை வெளியே காட்டுகிற ஆளும் இல்லை அவர். செத்தபிறகு கொஞ்சம் ஒழிவு கிடைத்து யோசித்திருப்பார் போலிருக்கிறது.

ஒரேயடியாக எல்லாப் பாட்டிலும் பேசிவிடவில்லை அவர். எதையும் முறையாகச் செய்கிறவர், செத்தும் முறையாகவே செய்தார். கடைசி வருஷத்துப் படங்களில் தொடங்கி, திங்கட்கிழமை தோறும் ஒரு வருஷம் பின்னால் போனார். அந்தந்தத் திங்கட்கிழமையிலிருந்து அந்தந்த வருஷத்துப் பாட்டுகள் எங்கே ஒலித்தாலும், ரேடியோவில், கேசட்டில், கோயில் திருவிழாக் குழாயில், கல்யாண மண்டபத்தில், எங்கே ஒலித்தாலும் வாத்தியம் வரும் இடத்தில் பாட்டு நின்று வழிவிட, மாஸ்டர் பேர் சொன்னார். நாலு நிமிஷப் பாட்டு ஏழு நிமிஷம் ஆனது. கோரஸ் இருக்கும் பாட்டு பத்து நிமிஷம் ஆனது. ரேடியோ நிலையத்துக்கு முதல் வாரம் புகார்க் கடிதங்கள் போயின, இரண்டாம் வாரம் அந்தக் கடிதங்களை எழுதியவர்களே மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள், மூன்றாம் வாரம் நிலையத்தார் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பாட்டு என்பதை ஏழு பாட்டு என்று மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். டூரிங் கொட்டகையில் பழைய படம் ஓடும்போது, இடுப்பில் குடத்தோடு ஆற்றில் இறங்கப் போன கதாநாயகி ஒரு காலைத் தண்ணீரில் வைத்தபடி பத்து செல்லோக்காரர்களின் பேர் சொல்லி முடிகிற வரைக்கும் பொறுமையாகக் கண் கொட்டிக்கொண்டு நின்றாள், பின்வரிசையில் விசிலடித்தவனை முன்வரிசைக்காரர்கள் அதட்டி உட்காரவைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாமன்னர்கள் பேரை மறந்து பேங்கோஸ் மேளம் வாசித்தவர் பேரை ஒப்பித்தன. சாலிகிராமத்தில் இருபது வருஷமாக வாடகைக்கு இருந்தும் அக்கம்பக்கம் முகம் பார்க்காத ஒரு வியோலாக்காரர் வீட்டுக்கு, எதிர் வீட்டம்மாள் ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்து கொடுத்து, நேற்று உங்களைக் கூப்பிட்டாங்களே கேட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படித்தான் கார்டு எழுதும் வழக்கம் வந்தது. ஒருத்தன் பேர் பாட்டில் சொல்லப்படும்போது அந்த ஒருத்தன் அங்கே இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? அவன் குளித்துக்கொண்டிருப்பான், ஊரில் நாற்று நட்டுக்கொண்டிருப்பான், ஆஸ்பத்திரியில் கிடப்பான். அதனால் வாத்தியக்காரர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். யார் பேரை யார் கேட்டாலும், கேட்டவர் ஒரு தபால் கார்டு போட்டுவிட வேண்டும். எந்தப் பாட்டு, எந்த ஊர், எத்தனை மணி, பக்கத்தில் யார் யார் இருந்தார்கள், அவ்வளவு போதும். “தம்பி கோமஸ், உன் பேரை மானாமதுரை ஸ்டேஷனில் கேட்டேன், ரயில் கிளம்ப இருந்தது, ரயில்வே கார்டு பச்சைக் கொடியை இறக்கிக்கொண்டு நின்றார்” என்று ஒரு கார்டு. “அக்கா, உங்கள் வீணையை உடுமலை உழவர் கூட்டத்தில் கேட்டோம், எல்லோரும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்” என்று ஒரு கார்டு. இறந்துபோன வாத்தியக்காரர்களுக்கும் எழுதினார்கள், அவர்கள் வீட்டுக்கே எழுதினார்கள். அந்தக் கார்டுகளைப் பிள்ளைகள் மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்தார்கள். வாழ்நாளெல்லாம் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து வாசித்த மனிதர்கள், ஒருவருக்கொருவர் நன்றி சொல்ல முதல்தடவையாக வாய்ப்புக் கிடைத்ததுபோல எழுதித் தள்ளினார்கள்.

கிளாரினெட் ஞானதிரவியத்துக்கு மார்கழி பிறப்பதற்குள் அறுபது கார்டுகள் வந்திருந்தன. நாசரேத்திலிருந்து இருபத்தைந்து வயதில் மதராஸுக்கு வந்தவர், இப்போது அறுபது. நல்ல வாசிப்புக்காரர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் வந்த கார்டுகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் முடிந்தன. ‘முற்றத்துக்குக் காத்திருக்கிறோம்’ என்று முடிந்தன. அந்த வரி இருந்த கார்டுகளை மட்டும் அவர் மற்றவற்றோடு சேர்க்காமல் அலமாரியின் அடியில் கவிழ்த்து வைத்தார்.

முற்றம் என்றால் ‘நெல் காயும் முற்றத்திலே’ என்ற பாட்டு. அறுபத்தொன்றாம் வருஷத்துப் பாட்டு. முதல் சரணத்துக்கு முன்னால் பதினோரு விநாடி கிளாரினெட் வரும், அதில் ஒரு இடத்தில் சுரம் நிற்கவேண்டிய படியில் நிற்காமல் கொஞ்சம் வழுக்கி, வழுக்கியதற்கு வெட்கப்பட்டதுபோல மேலேறி வரும். அந்த வழுக்கலில் தமிழ்நாடே வழுக்கி விழுந்தது. அதைக் கேட்டுத்தான் பாளையங்கோட்டைத் தலைமையாசிரியர் ஒருவர், அந்தக் கிளாரினெட்காரப் பையன் நம்ம ஆட்களில் ஒருத்தன் என்று தெரிந்து, தன் மகள் எஸ்தரைக் கட்டிக்கொடுத்தார். முற்றத்து ஞானதிரவியம் என்றுதான் அவருக்கு ஊரெல்லாம் பேர்.

அந்தப் பதினோரு விநாடியை வாசித்தது ஞானதிரவியம் இல்லை.

அந்தக் காலத்தில் ஒருத்தருக்கு முடியாமல் போனால் தனக்குப் பதில் இன்னொருத்தரை அனுப்பிவிடுவது வழக்கம். வந்தவர் அனுப்பியவரின் நாற்காலியில் உட்கார்வார், அனுப்பியவர் பேரில் வாசிப்பார், பேர் கேட்டால் அனுப்பியவர் பேரைச் சொல்வார், போய்விடுவார், அறுபது எழுபது பேர் கூட்டத்தில் ஒரு முகம் மாறியது யார் கண்ணிலும் படாது. ஒத்திகை முடிந்து பதிவுக்குப் போகவேண்டிய மறுநாள் காலை கடைவாய்ப் பல் வலித்துக் கன்னம் வீங்கி ஞானதிரவியத்துக்கு உதடு மூடவில்லை. ஒரு கல்யாணத்துக்கு ஊதுவதற்காகக் காஞ்சிபுரத்திலிருந்து பேண்ட் செட்டோடு வந்திருந்த கன்னியப்பனைப் பிடித்துக் கொண்டுவந்தார். கன்னியப்பனுக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது. ஸ்டூடியோவுக்கு எதிரே டீக்கடை வாசலில், வீங்கின வாயோடு ஞானதிரவியம் பாடிக்காட்ட, கன்னியப்பன் கேட்டு மனசில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடிச் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த வாரம் ஞானதிரவியம் வீக்கம் வடிந்து போனபோது மாஸ்டர் தோளில் தட்டி, போன வாரம் பிரமாதம்யா என்றார். சொல்லிவிட வேண்டும் என்று ஞானதிரவியம் வாயைத் திறந்தார். அதற்குள் மாஸ்டர் அடுத்தவரிடம் போய்விட்டார். பிறகு பாட்டு வெளிவந்தது, பெண் வீட்டார் வந்தார்கள், முப்பது வருஷம் போய்விட்டது.

மாஸ்டருக்கு உயிரோடு இருந்தபோது தெரியாதது இப்போதும் தெரியாமலே இருக்கும் என்று கொஞ்ச நாள் ஒரு நப்பாசை இருந்தது. கார்த்திகையில் எழுபத்தேழாம் வருஷத்துப் பாட்டு ஒன்றில், சிதார் பாலகுருசாமி வாசித்ததாக உலகமே நம்பியிருந்த இடத்தில், மாஸ்டர் பாலகுருசாமியின் மைத்துனர் பேரை அமைதியாகச் சொன்னார், அந்த நப்பாசை போயிற்று. பாலகுருசாமி இரண்டு வாரம் வாத்தியக்காரர் சங்கத்துப் பக்கம் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தபோது யாரோ நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள், மைத்துனருக்கு மட்டும் நாற்பது கார்டு போயிற்று. ஞானதிரவியம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அறுபத்தொன்று வருவது பங்குனி மாதம் இரண்டாம் திங்கட்கிழமை.

கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று பார்த்தார், புதுவருஷ ஆராதனை முடியட்டும் என்று பார்த்தார், கடைசியில் ஒரு மத்தியானம் எஸ்தர் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எஸ்தர் கீரையை ஆய்ந்து முடித்தாள். அந்தப் பாட்டை அவள் சமைக்கும்போது பாடுவாள், பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது பாடியிருக்கிறாள், அவள் அப்பா சாகக் கிடந்தபோது கேசட் போட்டுக் கேட்டார். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்து ஞானதிரவியம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

“அந்த ஆளு இப்ப இருக்காவளா?” என்றாள்.

“காஞ்சிபுரத்துலதான் இருக்காருன்னு கேள்வி.”

“எப்படி இருக்காவ?”

முப்பது வருஷத்தில் ஒருதடவைகூட ஞானதிரவியம் அதை விசாரித்ததில்லை. கேட்டால் எதைக் கேட்க நேருமோ என்று காஞ்சிபுரம் வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறாமல் இருந்திருக்கிறார். அந்த இடத்தில்தான் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, வாசிப்பைத் தனதாக்கிக்கொண்டதைவிட இதுதான் பெரிதாகப் பட்டது. எஸ்தர் மூன்று நாள் அந்தப் பாட்டைப் பாடாமல் சமைத்தாள். நாலாம் நாள் ஒரு இன்லண்டு லெட்டரையும் பேனாவையும் அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் எழுதினார். கன்னியப்பண்ணே என்று தொடங்கி, மாஸ்டர் பாட்டுகளுக்குள் பேர் சொல்கிற சேதியை எழுதி, பங்குனியில் உங்கள் பேர் வரும், அது உங்களுக்குச் சேரவேண்டியது, நான் இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன், என்னை மன்னிக்கவேண்டும் என்று முடித்தார். பத்து நாளில் பதில் வந்தது. பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில் இருந்தது.

“தம்பி ஞானத்துக்கு ஆசீர்வாதம். நான் சவுக்கியம். பேரன் பேத்தி எடுத்துட்டேன். மாஸ்டர் பேர் சொல்றாருன்னு ஊர்ல வாய அசைக்கிறாங்க, எனக்கு என்னன்னு விளங்கல, உன் லெட்டர் பார்த்துத்தான் விளங்குச்சு. பெரிய டிரம்முக்குப் பக்கத்துல நின்னு நாப்பது வருஷம் ஊதுனதுல ரெண்டு காதும் போயி ஆறு வருஷமாச்சு. அதனால என் பேரைச் சொன்னாலும் எனக்குக் கேக்காது, நீ அதுக்காக மனசு கஷ்டப்படாத. இன்னொண்ணு சொல்றேன். அன்னைக்கு நீ பாடிக்காட்டினப்ப ஒரு இடத்துல வாய் வலியில சுரம் சறுக்கிச்சு. அது சறுக்கலா பாட்டான்னு எனக்குத் தெரியல. நீ எப்படிப் பாடினியோ அப்படியே ஊதிட்டேன். வெளியில வந்தப்ப பயமா இருந்துச்சு. மாஸ்டர் ஒண்ணும் சொல்லல. ஜனங்க அந்த எடத்துக்குத்தான் மயங்குனாங்க. அது உன் பல்வலி தம்பி. நான் சும்மா தூக்கிட்டுப் போய் உள்ள வச்சவன்தான்.”

ஞானதிரவியம் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தார். மேடைக் கச்சேரிகளில் அந்த ஒரு சறுக்கலை அதேபோல வரவழைக்க முப்பது வருஷமாகப் பாடுபட்டு, ஒருநாளும் வராமல், ஒவ்வொரு தடவையும் கைதட்டல் வாங்கிக்கொண்டு கூசிப்போய் வீட்டுக்கு வந்திருக்கிறார். தன் வாயிலிருந்தே விழுந்தது தனக்கே தெரியாமல் போயிருக்கிறது. அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எஸ்தர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, காது கேக்காட்டி என்ன, நாம போய்ச் சொல்லுவோம் என்றாள்.

நியாயமாகப் பார்த்தால் இங்கே ஒரு சந்து இருந்தது. பேருக்குச் சொந்தக்காரரே அது தன்னுடையது இல்லை என்கிறார், அவருக்குக் காதும் கேட்காது, தன் பங்கு என்று காட்ட ஒரு கடிதமும் கையில் இருக்கிறது, சங்கத்தில் போய்ப் பக்குவமாக எடுத்துச் சொன்னால் தன் பேரில் பாதியையாவது மிச்சம் பிடிக்கலாம். அந்த யோசனை ஞானதிரவியத்துக்கு வராமல் இல்லை, இரண்டு நாள் வந்து வந்து போயிற்று. மூன்றாம் நாள் அவர் சங்கத்துக்குப் போய், கார்டு எழுதப்போகிறவர்களுக்காக என்று ஒரு தாளில் கன்னியப்பனின் விலாசத்தை எழுதி, முற்றத்துப் பாட்டு என்று மேலே தலைப்புப் போட்டு, அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு வந்தார். வாசித்துப் பார்த்த மாசிலாமணி பையிலிருந்து நோட்டை எடுத்து விலாசத்தைக் குறித்துக்கொண்டார், அவருக்குப் பின்னால் மற்றவர்களும் குறித்துக்கொண்டார்கள்.

பங்குனி இரண்டாம் திங்கட்கிழமை காலை ஞானதிரவியமும் எஸ்தரும் ஒரு டப்பா அச்சு முறுக்கோடு காஞ்சிபுரத்தில் இறங்கி, சுவரில் டிரம்களும் பித்தளைக் குழல்களும் தொங்குகிற கன்னியப்பனின் பேண்ட் செட் கடைக்குப் போனார்கள். அதிசயத்தை எப்படி வரவேற்பது என்று அதற்குள் எல்லா ஊருக்கும் பழகிவிட்டிருந்ததால், தெருவே கூடியிருந்தது. கோவிலுக்குப் போகிறவர்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள், ஜவுளிக்கடைக்காரர் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்தார், பேண்ட் பையன்கள் சரிகை வைத்த சிவப்புக் கோட்டுப் போட்டு வரிசையாக நின்றார்கள். கன்னியப்பன் உயரம் குறைந்து, காது மடல்களில் நரைமுடி வளர்ந்து, ஞானதிரவியத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பல்லு எப்படி இருக்கு என்று தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கேட்டார். தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. எல்லாம் விழுந்துடுச்சு என்று ஞானதிரவியம் வாயைத் திறந்து காட்டினார்.

கன்னியப்பனின் மகன் கேசட்டைப் போட்டான். பல்லவி வந்தது, எஸ்தர் தன்னையறியாமல் உதட்டை அசைத்தாள், பல்லவி முடிந்தது, பாட்டு நின்றது.

“கிளாரினெட்,” என்றார் மாஸ்டர், “கன்னியப்பன்.”

கூட்டம் முழுக்கக் கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தது. அவர் ஞானதிரவியத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு விநாடி கிளாரினெட் வாசித்தது, சறுக்கியது, மேலேறியது, அது அத்தனையும் அவர் காதுக்கு வெளியே நடந்து முடிந்தது. ஞானதிரவியம் அவருடைய வலது கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, மாஸ்டர் சொன்னபடியே, அதே நிதானத்தில், கிளாரினெட் கன்னியப்பன் என்று சொன்னார். முப்பது வருஷமாக அந்தத் தொண்டையில் கிடந்த பேர் அது. கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தரம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஞானதிரவியம் மறுபடி சொன்னார், மூன்றாம் தடவையும் சொன்னார், சொல்லச் சொல்ல அவருக்கு உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது.

“உன் பேரைச் சொன்னாரா?” என்று கேட்டார் கன்னியப்பன்.

இல்லை என்று ஞானதிரவியம் தலையசைத்தார். வாசித்தவர் பேரைத்தான் மாஸ்டர் சொல்வார், வெளியே டீக்கடை வாசலில் நின்றவர்கள் பேரைச் சொல்வது அவர் வழக்கமில்லை.

“மாஸ்டருக்குத் தெரியாது பாவம், அவர் உள்ள இருந்தாரு,” என்றார் கன்னியப்பன். பிறகு கேசட் இருந்த பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, ஊர்வலத்தின் முன்னால் நின்று ஊதுகிற மனிதனின் முழு பலத்தோடு சொன்னார்: “பாடிக்காட்டினவன், ஞானதிரவியம்.”

அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள், கிளாரினெட் முடிந்த பிறகும் சரணம் தொடங்கியிருக்கவில்லை. நாடா சுற்றிக்கொண்டிருந்தது, தபேலா தட்டாமல் இருந்தது, பாடகி மூச்சை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னியப்பன் சொல்லி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார், அதன்பிறகுதான் சரணம் தொடங்கியது. எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுது முடித்ததும் டப்பாவைத் திறந்து கூடியிருந்தவர்களுக்கெல்லாம் முறுக்குக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஞானதிரவியத்தின் வீட்டுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு கார்டு வந்தது. டிரம்பெட் வாசித்து ஓய்வு பெற்ற பழைய சிநேகிதர் ஒருவர் எழுதியிருந்தார். “ஞானம், முற்றம் பாட்டை புதன்கிழமை பகல் பதினொன்றரைக்குத் துறைமுகம் கேன்டீன் ரேடியோவில் கேட்டேன். மூட்டை தூக்குகிறவர்கள் முப்பது பேர் இருந்தார்கள். முதலில் மாஸ்டர் வேறு யாரோ பேரைச் சொன்னார், உனக்காக மனசு சங்கடப்பட்டது. ஆனால் கிளாரினெட் முடிந்ததும் உன் பேர் வந்தது. சொன்னது மாஸ்டர் இல்லை. யாரோ ஒரு ஆள், காது கேட்காதவர்கள் பேசுவதுபோல ரொம்பச் சத்தமாகச் சொன்னார், கேன்டீன்காரர் பயந்து கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். யாரப்பா அது?”

ஞானதிரவியம் எஸ்தரைக் கூப்பிட்டுக் கார்டைக் காட்டினார். பிறகு உட்கார்ந்து பதில் எழுதத் தொடங்கினார். கார்டில் இடம் போதாது என்று பட்டது, அலமாரியிலிருந்து முழுத்தாளாக எடுத்துக்கொண்டு, முதல் வரியில் கன்னியப்பன் என்ற பேரை எழுதினார்.